அரியாங்குப்பம் பாலம் தாண்டாத கார்

எங்கள் காருக்கு நிறம் இருந்தது. என்ன நிறம் என்பதில்தான் வீட்டில் ஒற்றுமை இல்லை. அம்மா சாம்பல் என்பாள். அப்பா நீலம் என்பார். மழையில் நனைந்திருக்கும்போது அப்பா சொல்வது சரியாக இருக்கும், வெயில் ஏறியதும் அம்மா ஜெயித்துவிடுவாள். முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவுக்கு இருந்த ஒரே கார் அதுதான். ஓடியதைவிட நின்றது அதிகம். நிற்பதையும் அது ஏதோ தூரதேசப் பயணம்போல, மூக்கை லேசாகத் தூக்கிக்கொண்டு, எங்கேயோ பார்த்தபடி செய்யும். அதன் பின்சீட்டில் உட்கார்ந்து வாய்ப்பாடு படித்திருக்கிறேன், மாம்பழம் தின்றிருக்கிறேன், காய்ச்சலில் சுருண்டு தூங்கியிருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே எப்போதும் அதே சுவர், அதே சுவரில் அதே பல்லி.

எதிர்வீட்டுச் சொல்தாவிடமிருந்து அப்பா வாங்கிய கார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துத் திரும்பி, பிரான்ஸ் அரசாங்கத்தின் பென்ஷனில் வாழ்கிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வது. தெருவின் அந்தப் பக்கத்தில் நின்ற கார், விற்பனைக்குப் பிறகு தெருவின் இந்தப் பக்கத்தில் நின்றது, அவ்வளவுதான் நடந்தது. சொல்தா காரை விற்றாரே தவிர உறவை விற்கவில்லை. காலையில் காபியோடு வந்து பானெட்டைத் தட்டி, "ராத்திரி எப்டி இருந்தா?" என்று கேட்பார். அவர் தரும் யோசனைகள் எல்லாம் தப்பாகவே இருக்கும். ஆனால் தவறாமல் தருவார்.

அப்பாவுக்கு மில்லில் நூற்பு டிப்பார்ட்மெண்டில் ஃபிட்டர் வேலை. காரை எந்த மெக்கானிக்கிடமும் காட்ட மாட்டார். "ஆயிரம் நூல்கதிர் சுத்தற மெஷின பாத்துக்கறவன் நானு. நாலு சக்கரத்துக்கு இன்னொருத்தன்கிட்ட போய் நிக்கணுமா?" என்பார். அதனால் எங்கள் கார் பாதி காராகவும் பாதி மில்லாகவும் இருந்தது. பிரேக் பெடலை மேலே இழுத்துப் பிடித்திருந்தது நூற்பு மெஷினிலிருந்து கழிக்கப்பட்ட ஸ்பிரிங். சைலன்சரைத் தாங்கியது மில் நாடா. ஹாரனைச் சரிசெய்தால் வைப்பர் நின்றுவிடும். வைப்பரைச் சரிசெய்த அன்று ஹாரன் தானாக அடிக்க ஆரம்பித்து, தெருவே எழுந்து வந்தது. ஒவ்வொரு ரிப்பேர் முடிந்த பிறகும் ஒன்றிரண்டு திருகாணி மிச்சம் விழும். அம்மா பொறுக்கி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவைப்பாள். "மிச்சம் வந்தா நல்லதுதான், வண்டி வெயிட்டு கொறையுது" என்பார் அப்பா, முகத்தில் சிரிப்பில்லாமல்.

இப்போது நான் ஓட்டும் காரில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். பானெட்டைத் திறந்தால் உள்ளே இன்னொரு மூடி இருக்கிறது. அதைத் திறக்க எனக்கு அனுமதியில்லை. அது ஒருபோதும் என்னைக் கைவிட்டதில்லை. அதனாலேயே அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஒரு வருஷம் தவளக்குப்பத்தில் ஒரு காதுகுத்து. அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, வாழ்க்கைப்பட்ட ஊர் அது. பெரியப்பாவுக்கு அங்கே நிலமும் வாயும் அதிகம். நாங்கள் பஸ்ஸில் போய் இறங்கினோம். கார் எங்கே என்று யாரோ கேட்டார்கள். பந்தியில் உட்கார்ந்திருந்த பெரியப்பா, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார்: "சகல வாங்கனது காரா? வாசல்ல ஒரு ரூமு இழுத்துக் கட்டியிருக்காரு. காத்தாட உக்காரலாம்."

பந்தியே சிரித்தது. அப்பாவும் சிரித்தார், சிரிக்கிறவர்களோடு சேர்ந்துகொள்வதுதான் பத்திரம் என்பதுபோல. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பரிமாறிக்கொண்டிருந்த சாம்பார் வாளியைக் கீழே வைத்தாள். "ஆயுத பூசைக்கி அந்த ரூமோடவே வரேன் மாமா. வாசல்ல எடம் வச்சிருங்க" என்றாள்.

அதோடு அவள் தவளக்குப்பம் பஸ்ஸில் ஏறுவதை நிறுத்திவிட்டாள். நகரப் பேருந்து ஏறினால் அரை மணியில் அக்காவைப் பார்த்துவிடலாம். பார்க்கவில்லை. ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. அக்காவிடமிருந்து யார் மூலமாகவோ முருங்கைக்காய் வரும், அம்மா யார் மூலமாகவோ பெரிய மார்க்கெட்டில் வாங்கிய கதம்பம் அனுப்புவாள். பூவும் காயும் போய் வந்துகொண்டிருந்தன. கார் மட்டும் நின்றுகொண்டிருந்தது. வாங்கிய நாளிலிருந்து அது அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டியதே இல்லை. தவளக்குப்பம் போக அந்தப் பாலத்தையும், அதற்கப்பால் நோணாங்குப்பம் பாலத்தையும் தாண்டியாக வேண்டும்.

ஆயுத பூசைக்கு முந்தின வாரம் முழுக்க அப்பா காருக்கு அடியில் குடியிருந்தார். சாப்பாட்டை நான் அங்கே தள்ளிவிடுவேன், காலித்தட்டு வெளியே வரும். பூசையன்று காலையில் கடைசியாக ஒரு சாமானை வெளியே எடுத்தார். கறுப்பாக, சின்னக் கிண்ணம் போல இருந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. எஞ்சினுக்கு நெருப்புப் பொறியைப் பங்கு வைத்துக் கொடுக்கும் இடம் அதுதான் என்று எனக்குச் சொன்னார். பெட்ரோலில் கழுவி, பேப்பர் விரித்து, வெயிலில் கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்தார். பிறகு தன் ஸ்பேனர், திருப்புளி, சுத்தி எல்லாவற்றையும் துடைத்து அம்மாவிடம் ஒப்படைத்தார். "சாமிகிட்ட வச்சிடு. நாளைக்கி மறுபூசை முடியற வரைக்கும் எவனும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டு, மில் பூசைக்குப் போனார்.

என் புத்தகங்களும் அந்த அடுக்கில் போய்விட்டதால் எனக்குச் சுவர்க்கம். நான் சந்தனக் கிண்ணத்தை ஏந்தி அம்மாவுக்குப் பின்னால் நடந்தேன். அவள் வீட்டில் இருந்த இரும்புக்கெல்லாம் பொட்டு வைத்தாள். அரிவாள்மனை, தையல் மெஷின், அப்பாவின் சைக்கிள், ரேடியோ, மீட்டர் பெட்டி. காருக்கு விளக்குக் கண்கள் இரண்டிலும் வைத்தாள், ஸ்டீயரிங்கில் வைத்தாள். அப்புறம் பேப்பர்மேல் காய்ந்துகொண்டிருந்த அந்தக் கறுப்புக் கிண்ணத்தின் முன்னால் குனிந்தாள். அதற்குள்ளே பித்தளைக் குமிழ்கள் இருந்தன. நடுவில் ஒன்று, சுற்றிலும் நான்கு. அம்மாவின் முகம் மாறியது. மோதிர விரலைச் சந்தனத்தில் தோய்த்து, குழந்தைக்கு வைப்பதுபோல அத்தனை நிதானமாக, ஐந்துக்கும் வைத்தாள். ஐந்தின்மேலும் குங்குமம். வெயிலில் அது நிஜமாகவே ஒரு சாமிபோல இருந்தது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

நடுப்பகலில் அப்பா மில் பொரியோடு வந்தார். அவசரம். தான் கழுவி வைத்ததுதானே என்ற நம்பிக்கையில் உள்ளே பார்க்காமல் மூடியைக் கவிழ்த்து இடத்தில் வைத்தார். இரண்டு பக்கமும் இருந்த பிடிகளை விரலாலேயே அமுக்கிவிட்டு, குளிக்கப் போனார்.

பூசை முடிந்தது. முகப்பில் வாழைக்கன்று, மாலை, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பினால் நேராகத் தவளக்குப்பம். அம்மா மாம்பழ நிறப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, மடியில் சுண்டல் தூக்கோடு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அப்பா சாவியைத் திருகினார்.

கார் முனகியது. மறுபடி திருகினார். மறுபடியும் அதே முனகல், தூக்கத்தில் புரண்டு படுக்கிறவர் விடும் சத்தம். சோக்கை இழுத்தார், விட்டார். பாட்டரி முனையில் வெந்நீர் ஊற்றினார். தெருக்காரர்கள் நாலு பேர் வந்து தள்ளினார்கள். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின, கார் கிளம்பவில்லை. தள்ளும்போதாவது அம்மாவை இறங்கச் சொன்னார்கள். "நான் எறங்கிட்டா அது அப்டியே படுத்துக்கும். நீங்க தள்ளுங்க" என்றாள்.

"பிளக்க கழட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்றார் அப்பா.

"கழட்டுங்களேன்."

"எதால? ஸ்பேனர் சாமிகிட்ட இருக்குது."

"ஒண்ணே ஒண்ணு எடுத்தா இன்னா?"

"வருஷம் பூரா நமக்கு ஒழைக்கிது. ஒரு நாள் படுத்துக்கட்டும். மில்லுலயே இன்னிக்கி ஒரு கதிர் ஓடாது, தெரியுமா?"

அம்மா இறங்கி உள்ளே ஓடினாள். கையில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு வந்தாள். பாக்குவெட்டியை அப்பா தலையாட்டி ஒதுக்கினார், அது ஆயுதம். கரண்டி திருகுக்குள் நுழையவில்லை. தோசைத்திருப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுவும் ஆயுதந்தான்."

"அதால எங்க சண்ட போடறாங்க?"

"ஏன், நீ போட்டதில்லயா?"

வேறொரு நாளாயிருந்தால் அம்மா சிரித்திருப்பாள். அன்று நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள். சூரியன் தெருவின் மேற்குப் பக்க வீடுகளுக்கு மேல் சாய்ந்துகொண்டிருந்தது. இன்றைக்குப் போகவில்லை என்றால் பெரியப்பாவின் அந்த ஒரு பேச்சு ஜன்மத்துக்கும் நிலைத்துவிடும், அவளும் பஸ் ஏற மாட்டாள், அது எனக்கே தெரிந்தது.

இவ்வளவையும் தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சொல்தா தெருவைக் கடந்து வந்தார். கையில் ஒரு தகரப் பெட்டி. "நம்ம வூட்லயும் சாமான் இருக்குது தம்பி. இதுக்கு சந்தனமும் இல்ல, குங்குமமும் இல்ல. மாதா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அப்பா யோசித்தார். பெட்டியைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். "பெட்டி உங்களுது முசியே. கை என்னுதாச்சே."

"அப்ப கையும் என்னுது. நீ வாயால சொல்லு."

இப்படியாக அந்தப் பிற்பகலில், எங்கள் ஊரில் மட்டுமே நடக்கக்கூடிய ஒரு ரிப்பேர் ஆரம்பமாயிற்று. அப்பா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சொல்தா, மூக்குக் கண்ணாடி நழுவ, எஞ்சினுக்குள் தலையை விட்டார்.

"எடது பக்கம் ஒயர் போவுது பாருங்க. அதப் புடிச்சி இழுங்க. முசியே, உங்க எடது இல்ல, வண்டி எடது."

"ரெண்டு பேருக்கும் ஒரே எடதுதான்யா, நான் வண்டிமேல படுத்துகினு இருக்கறேன்."

"அய்யோ, அது இல்ல! அது மூடி. அத எதுக்குத் தெறந்தீங்க?"

பிளக் ஒயரைத் தேடிய சொல்தாவின் விரல்கள், பிடிகளைத் தட்டிவிட்டு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கையோடு கொண்டுவந்துவிட்டன. அதை முகத்துக்கு நேராகத் தூக்கினார். கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே பார்த்தார். மோந்து பார்த்தார்.

"தம்பி, வண்டிக்கி கல்யாணமா?"

ஐந்து பித்தளை முகங்களிலும் சந்தனம் வழிந்து ஒன்றோடொன்று கலந்திருந்தது. பொறி போக வேண்டிய வழியெல்லாம் மங்களகரமாக அடைபட்டிருந்தது. அப்பா மெல்ல அம்மாவின் பக்கம் திரும்பினார். அவர் கத்தப்போகிறார் என்று நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அஞ்சி மொகம் இருந்துச்சி. வெறும் நெத்தியா வுட மனசு வரல."

அப்பா மிகவும் சாதாரணமாக, "தொடைக்கணும்" என்றார்.

நல்ல நாளும் அதுவுமாகத் தான் வைத்த குங்குமத்தைத் தன் கையாலேயே அழிக்க முடியாது என்று அம்மா பின்னால் நகர்ந்தாள். அப்பாவின் கைகள் முதுகை விட்டு வரவில்லை. சொல்தா இருவரையும் பார்த்தார். வீட்டுக்குப் போய் ஒதெகொலோன் பாட்டிலோடு வந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது கழுத்தில் தடவிக்கொள்ளும் வாசனைத் தண்ணீர். கைக்குட்டையில் ஊற்றி, ஒவ்வொரு முகமாக, காயம்பட்டவனைத் துடைப்பதுபோலத் துடைத்தார். தெருவில் பெருமாள் கோயிலும் மாதாகோயிலும் சேர்ந்து மணந்தன. ஒதெகொலோன் உடனே காய்ந்தது. மூடியைத் தானே இடத்தில் வைத்தார். அவர் வாழ்நாளில் எங்கள் காருக்குச் செய்த சரியான காரியம் அந்த மூடியைத் திறந்தது ஒன்றுதான். அதையும் தெரிந்து செய்யவில்லை.

சாவியைத் திருப்பியதும் கார் உறுமிக்கொண்டு எழுந்தது. அப்பா சிரிக்கவில்லை, சிரித்தால் அது கவனித்துவிடும் என்று பயந்தார்போலும். "ஏறுங்க, ஏறுங்க" என்று மட்டும் சொன்னார். சொல்தா டிக்கியில் ஓங்கி அறைந்தார். "அலே! அலே! நிக்காத போ, நின்னா கோச்சிக்குவா!"

தெருமுனை திரும்பியதும் அப்பா அம்மாவிடம் தாழ்ந்த குரலில், "எங்கயும் ஆஃப் பண்ண மாட்டேன். பண்ணா மறுபடி எடுக்குமான்னு தெரியல" என்றார்.

"பண்ணாதீங்க" என்றாள் அம்மா.

ஊர் முழுக்க வாழைக்கன்று கட்டிய வண்டிகள். பூசணிக்காய் உடைந்து சிவந்த முனைகள். முதலியார்பேட்டை ரயில்வே கேட் எங்கள் முகத்துக்கு நேராக மூடியது. அப்பா ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே நின்றார்; கார் கோபக்காரரைப்போல உடம்பெல்லாம் நடுங்கியது. பக்கத்தில் நின்ற வேன்காரர் எட்டிப் பார்த்து, "சார், ஆஃப் பண்ணுங்க, ரயில் வர்றதுக்கு நேரமாவும்" என்றார். அப்பா நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஜன்னல் வழியாக அவரிடம், "அவருக்குக் காது கேக்காதுங்க" என்றாள். வேன்காரர் வருத்தத்தோடு தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

கேட் திறந்தது. முருங்கப்பாக்கம் கழிந்தது. அரியாங்குப்பம் பாலத்தின்மேல் ஏறியதும் கீழிருந்து உப்புக்காற்று வந்து அம்மாவின் முந்தானையைப் பின்சீட்டுக்கு, என் முகத்துக்குக் கொண்டுவந்து போர்த்தியது. பட்டின் மஞ்சள் வழியாகப் பார்த்தேன், ஆறு மஞ்சளாக ஓடியது. "இதான பாலம்?" என்று கேட்டாள் அம்மா, பிறந்ததிலிருந்து பஸ்ஸில் கடந்த பாலத்தைப் பார்த்து. "இதான்" என்றார் அப்பா. நோணாங்குப்பத்தில் படகுகள் கரை திரும்பிக்கொண்டிருந்தன. எஞ்சின்தான் பேசியது, அதைப் பேசவிட்டோம்.

பெரியம்மா வீட்டு வாசலில் அப்பா முதலில் காரை வந்த திசைக்கே திருப்பி நிறுத்தினார், நிறுத்தாமல் நிறுத்தினார். பெரியம்மா ஈரக்கையோடு ஓடிவந்தாள். "வந்துட்டியாடி! எத்தினி மாசண்டி! எறங்கு, எறங்கு!"

அம்மாவின் கை கதவுப் பிடிக்குப் போனது. பிறகு அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, காலை அழுத்தி, முன்னால் பார்த்தபடி இருந்தார். "நீயும் பாப்பாவும் போய்ட்டு வாங்க. நான் இப்டியே இருக்கறேன்."

கை மடிக்குத் திரும்பியது. "இருக்கட்டும்க்கா. கால் மரத்துப் போச்சி. சும்மா ஒரு ரவுண்டு வந்தோம்."

"எனக்கு மரக்கல" என்றேன். சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. இறங்கப் போன என் பாவாடையை அம்மா திரும்பிப் பார்க்காமலே எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்குள்ளிருந்து பெரியப்பா வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரை ஒரு சுற்று சுற்றினார். அம்மாவின் முதுகு விறைத்து நிமிர்ந்தது. பெரியப்பா முன்பக்கம் வந்து, நடுங்கும் பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். அவருக்கு வயலில் ஒரு பழைய ஆயில் எஞ்சின் உண்டு. அதைக் கிளப்ப தினமும் அவர் படும் பாட்டை ஊரே பார்க்கும். கொஞ்ச நேரம் அப்படியே நின்று கேட்டார். பிறகு அப்பாவின் ஜன்னலுக்கு வந்தார்.

"ஆஃப் பண்ணாத சகல. தெருவுக்கே கேக்கட்டும்." பெரியம்மாவைப் பார்த்து அதட்டினார்: "இன்னா நின்னுகினு இருக்கற? கார்ல வந்தவங்கள கார்லதான் பாக்கணும். ஏறி உக்காந்து பேசு."

பெரியம்மா என் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். அக்காவும் தங்கையும் எஞ்சினுக்கு மேல் கத்திப் பேசினார்கள். மாமியாரின் மூட்டுவலியிலிருந்து யாருக்கும் சொல்லக் கூடாத ஒரு நாத்தனார் விஷயம் வரைக்கும் தவளக்குப்பத்துக்கே தெரிந்தது. எங்கள் சுண்டல் ஜன்னல் வழியாக வெளியே போனது, அவர்கள் சுண்டல் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது, இரண்டும் கொண்டைக்கடலை. பெரியப்பாவே டம்ளரில் காபி கொண்டுவந்து அப்பாவின் கையில் கொடுத்தார். அப்பா கால் எடுக்காமல் குடித்தார். நான் மட்டும் உம்மென்று இருந்தேன். கொல்லைப்புறத்தில் புதுக் கன்றுக்குட்டி இருப்பதாகச் சொல்லி அழைத்துவந்திருந்தார்கள்.

வெளிச்சம் மங்குமுன் கிளம்பினோம். பெரியம்மா இறங்கி, ஜன்னலுக்குள் கையை விட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே கொஞ்சதூரம் நடந்து வந்தாள். பெரியப்பா எங்களுக்கு முன்னால், வேட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி, கடலூர் ரோட்டைப் பார்க்க வேகமாகப் போனார். அந்த முனையில் பஸ்கள் யாருக்காகவும் வேகத்தைக் குறைப்பதில்லை. அவர் நடு ரோட்டில் போய் நின்று ஒரு கையைத் தூக்கினார். கடலூரிலிருந்து வந்த பஸ் கிறீச்சிட்டு நின்றது. கண்டக்டர் தொங்கிக்கொண்டு, "யோவ், வூட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று திட்டினார். பெரியப்பா திரும்பியே பார்க்கவில்லை. இன்னொரு கையால் அப்பாவை, வா, வா, நிக்காத வா என்று அசைத்தார். அப்பா வேகத்தைக் குறைக்காமல் அப்படியே திருப்பி ரோட்டில் ஏறினார். பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பெரியப்பா பஸ்ஸை விடாமல் இன்னும் கையைத் தூக்கியபடியே நின்றிருந்தார்.

முன்சீட்டில் அம்மா ஏதோ சொன்னாள், அப்பா அன்றைக்கு முதன்முதலாகச் சிரித்தார். பிறந்தவீட்டு உறவைப் பார்க்கப் பட்டுக் கட்டிக்கொண்டு போய், அக்கா வீட்டு வாசற்படியைக்கூட மிதிக்காமல் திரும்புகிறவர்களுக்கு இவ்வளவு சந்தோஷம் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. பெரியப்பாவை மட்டும் நன்றாக விளங்கிக்கொண்டேன். எங்கள் காரை அவருக்கு ஆகவே ஆகாது. உள்ளே கூப்பிடவில்லை, எஞ்சினை அணைத்துவிட்டு உட்காரு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, போதாததற்கு ஓடுகிற பஸ்ஸையே நிறுத்தி எங்களை ஊரைவிட்டு அனுப்பிவைக்கிறார். அரியாங்குப்பம் பாலம் வரும்வரை அவர்மேல் கோபமாகவே இருந்தேன்.